திங்கட்கிழமை ஒரு நோன்பு, புதன்கிழமை ஒரு நோன்பு

வெள்ளி, பிப்ரவரி 13. ஆரல்வாய்மொழி

வள்ளியூர் தாண்டினால் ரயிலில் யாருக்கும் தூக்கம் வராது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பொட்டல், இரண்டுக்கும் நடுவே கண்ணுக்கு எட்டிய தூரம் காற்றாலைகள். மாசி பிறந்த நாள், அதனால் பாதிக்கு மேல் அசையாமல் நின்றன. ஆனி, ஆடியில் வந்தால்தான் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று என்னவென்று தெரியும்.

நாகர்கோவிலில் இறங்கி, வடசேரியில் இட்லி சாப்பிட்டுவிட்டு, வந்த வழியிலேயே பேருந்தில் திரும்பினேன். மார்த்தாண்டத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்கு இது எதிர்த்திசை. ஆனாலும் புனிதர் தேவசகாயம் கொல்லப்பட்ட காற்றாடிமலையைப் பார்த்துவிட்டுத்தான் அத்தை வீடு என்று திண்டுக்கல்லிலேயே முடிவு செய்திருந்தேன். புதன்கிழமை தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தின நோன்புக்காலம், தொடங்குகிறது. அதற்கு முந்தின சில நாட்களை இந்தக் கேரள எல்லைப் பக்கத்தில் கழிப்பதாகத் திட்டம். முடிந்தால் தினமும் எழுதுகிறேன்.

குமரிக்காரர்களுக்குத் தேவசகாயம் கதையைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாக. 1712இல் நட்டாலத்தில் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. மார்த்தாண்ட வர்மா காலத்துத் திருவிதாங்கூரில் அரண்மனை அலுவலர். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டிலனாய் என்ற டச்சு அதிகாரி வழியாகக் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். தேவசகாயம் ஆனார். தாழ்த்தப்பட்ட சாதியாரோடு சரிசமமாகப் பழகியதும் அவர்மேல் விழுந்த கோபத்துக்கு ஒரு காரணம். எருமை மேல் ஏற்றி, எருக்கம்பூ மாலை போட்டு, ஊர் ஊராக அடித்து இழுத்துப்போனார்கள் என்று இந்தப் பக்கம் சொல்வார்கள். 1752 ஜனவரி 14 அன்று இந்த மலையில் சுட்டுக் கொன்றார்கள். கல்லறை கோட்டாறு சவேரியார் கோயிலில் இருக்கிறது.

ஜனவரி கூட்டமெல்லாம் வடிந்து மலை காலியாக இருந்தது. மணியடிச்சான் பாறை அருகே ஒரு குடும்பம் மட்டும். அவர் இறந்தபோது மணிபோல ஒலித்த பாறை என்று நம்பிக்கை. கையளவு கல்லை எடுத்துத் தட்டினால் இன்றைக்கும் உலோகச் சத்தம் கேட்கிறது. எத்தனையோ பேர் தட்டித் தட்டி, பாறையில் வெள்ளை வெள்ளையாகத் தழும்பு. அந்தக் குடும்பத்துப் பையன் ஒரே இடத்தில் விடாமல் தட்டிக்கொண்டிருந்தான். அவன் அம்மா, "போதும்டா, அவரு எந்திரிச்சு வந்திரப் போறாரு" என்றார்.

2022 மே 15 அன்று ரோமில் போப் பிரான்சிஸ் பத்துப் பேருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். தேவசகாயம் அதில் ஒருவர்; இந்தியாவிலிருந்து அந்தப் பட்டம் பெற்ற முதல் பொதுநிலையினர், அதாவது குருவோ துறவியோ அல்லாதவர். அதே நாளில் பட்டம் பெற்ற இன்னொருவர் சார்லஸ் தெ ஃபூக்கோ. பிரெஞ்சுக்காரர், பணக்கார வீட்டுப் பிள்ளை, ராணுவ அதிகாரி. எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாசரேத்தில் ஒரு கன்னியர் மடத்துக்கு வேலைக்காரராகப் போனார். கொட்டகை மாதிரி ஓர் அறையில் தங்கிக்கொண்டு எடுபிடி வேலை பார்த்தார். கடைசியில் அல்ஜீரியப் பாலைவனத்தில் 1916இல் கொல்லப்பட்டார்.

இருவரையும் ஒரே மேடையில் வைத்தது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அது பொருத்தமாகத் தெரிந்தது. ஒருவர் கடைசி இடத்தைத் தேடிப் போனார். மற்றவரைக் கடைசி இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள், எருமை முதுகில். பிரசங்கங்களில் நாம் அதிகம் கேட்பது முதல் வகையைத்தான். இதை விடு, அதைக் குறை, எளிமையாக இரு. நம்மில் பலருக்கு வாய்ப்பது என்னவோ இரண்டாவது வகை. அதற்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் நகர மனமில்லை. புனிதர் பட்டத்துக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அவருடைய பெயரிலிருந்து 'பிள்ளை'யை ரோம் எடுத்தது. அவர் 1745லேயே கழற்றிப் போட்டதை நாம் 2022 வரை தூக்கிக்கொண்டு திரிந்தோம்.

சனி, பிப்ரவரி 14. மார்த்தாண்டம்

அப்பாவின் தங்கை இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்து அரை நூற்றாண்டு ஆகப் போகிறது. மாமா குடும்பம் சீரோ மலங்கரை. நாங்கள் திண்டுக்கல் லத்தீன் முறைக்காரர்கள். 1930இல் மார் இவானியோஸோடு ரோமுடன் ஒன்றிய சுறியானிச் சபைதான் சீரோ மலங்கரை. சபை வேறாக இருந்தாலும் போப் ஒருவர்தான், விசுவாசமும் ஒன்றுதான். ஆனால் வழிபாடு, நோன்பு, நாள்கணக்கு எல்லாம் வேறு. மார்த்தாண்டத்தில் மலங்கரைக்கு ஒரு மறைமாவட்டம், தக்கலையில் இன்னொரு சுறியானிக் கத்தோலிக்கச் சபையான சீரோ மலபாருக்கு ஒன்று. இரண்டுமே 1996இல் வந்தவை. லத்தீனுக்குக் கோட்டாறு. அதிலிருந்து 2014இல் பிரிந்தது குழித்துறை. அரை மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் மூன்று வகைப் பூசை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த பூமி, அதன் அடையாளம் சாப்பாட்டிலும் பேச்சிலும் மட்டுமல்ல, கோயில் நாட்காட்டியிலும் இருக்கிறது.

அத்தை பேசும் தமிழில் இப்போது திண்டுக்கல் துளியும் இல்லை. "மக்களே, மெலிஞ்சு போனியே" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டார். நான் மெலியவில்லை.

மாலையில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. சிவாலய ஓட்டம். நாளை மகா சிவராத்திரி. முஞ்சிறை திருமலையில் தொடங்கி, அடுத்தது திக்குறிச்சி, இப்படிப் பன்னிரண்டு சிவன் கோயில்களையும் கால்நடையாகவே முடித்து நட்டாலத்தில் நிறைவு. மொத்தம் நூறு கிலோமீட்டருக்கு மேல். காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, வாயில் "கோவிந்தா! கோபாலா!" சிவன் கோயிலுக்கு ஓடுகிறவர்கள் பெருமாளை அழைப்பதற்கு புருஷாமிருகத்தையும் பீமனையும் வைத்து ஒரு கதை உண்டு. இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அத்தையின் மகன் வாசலில் மேசை போட்டு மோர் வைத்திருந்தான். ஓடி வந்தவர்கள் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். யாரும் நிற்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை, இவனும் எதிர்பார்க்கவில்லை. டம்ளரைத் திருப்பித் தருகிற அந்த ஒரு நொடியில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும். நடுவே ஒரு பெரியவர் பாதத்தில் துணி சுற்றியிருந்தார். அத்தை எழுந்து போய் தேங்காய் எண்ணெய் எடுத்து வருவதற்குள் அவர் வளைவைத் தாண்டிவிட்டார்.

ஞாயிறு, பிப்ரவரி 15. திருவிதாங்கோடு, நட்டாலம்

காலை அத்தையின் கோயிலில் குர்பானா, அவர்களுடைய பூசை. தமிழும் மலையாளமும் மாறி மாறி வந்தன. இன்று அவர்களுக்குக் கொத்தினே ஞாயிறு, வலிய நோம்பின் வாசல். வாசகம் என்ன தெரியுமா? கானாவூர்க் கல்யாணம். தண்ணீர் திராட்சை ரசமான கதையோடுதான் அவர்கள் பட்டினிக்குள் போகிறார்கள். எங்கள் லத்தீன் முறையில் நெற்றியில் சாம்பலோடு தொடங்குவோம். இரண்டில் எது சரி என்று கேட்கக்கூடாது. ஆனாலும் கல்யாண வீட்டிலிருந்து நோன்புக்குப் போவது எனக்குப் பிடித்திருந்தது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு ஆரம்பித்து ஏப்ரல் 5 ஈஸ்டர் வரை எண்ணினால் சரியாக 50. அதனால் அம்பது நோம்பு. எங்களுக்கு சாம்பல் புதனிலிருந்து பெரிய சனி வரை 46. ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40.

மதியம் தக்கலைப் பேருந்தில் போய்த் திருவிதாங்கோடு. நாட்டுக்கே பெயர் கொடுத்த ஊர், இப்போது அமைதியான சிறிய ஊர். இங்கே இருக்கும் அரைப்பள்ளி மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்தது. கி.பி. 63இல் இயேசுவின் சீடர் தோமையார் நிறுவியது என்பது அவர்களுடைய மரபு. வருடத்தைப் பற்றி அறிஞர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். கருங்கல்லில் கட்டிய சின்னக் கோயில். இப்போது நம் ஊர்களில் எழும்பும் கோபுரங்களை நினைத்துக்கொண்டேன். பக்கத்துப் பங்கைவிட நாலு அடி உயரம், அதற்கு வரி, அதற்கு வெளிநாட்டு நன்கொடை, நன்கொடை கொடுத்தவர் பெயரில் பளிங்குக் கல். இந்தப் பள்ளியைக் கட்டியவர் பெயர் எந்தக் கல்லிலும் என் கண்ணில் படவில்லை.

இதே ஊரில்தான் சிவாலய ஓட்டத்தின் பத்தாவது கோயிலும். ஓட்டக்காரர்கள் நேற்றுப் பார்த்த வேகத்தில் இல்லை. பாதிப் பேர் நடந்தார்கள். "கோவிந்தா"வில் சுருதி இறங்கியிருந்தது. அவர்கள் நடக்க நான் பேருந்தில் போவது ஒரு மாதிரி கூச்சமாக இருந்தாலும் நட்டாலத்துக்குப் பேருந்தில்தான் போனேன். பன்னிரண்டாவது கோயில் அங்கே. தேவசகாயம் பிறந்த ஊரும் அதுதான். ஒரே ஊரில் ஒரே இரவு, அங்கே சிவராத்திரிக் கண்விழிப்பு, இங்கே பிறந்த வீட்டில் நாலைந்து பேர் செபமாலை. இருபுறமும் பட்டினி கிடந்தவர்கள்தான்.

இரவு எட்டு மணிக்குத் திரும்பினால் அத்தை வீட்டில் கடைசி மீன். சாளைக் குழம்பு, மரச்சீனிக் கிழங்கு. குளிர்பெட்டியில் முட்டை, மீன் எதுவும் நாளைக்கு மிச்சமிருக்கக் கூடாது என்பது சட்டம். பேரனுக்குக் கொண்டாட்டம். சாப்பிட்டு முடித்ததும் அத்தை மீன்சட்டியைப் பின்வாசலுக்கு எடுத்துப் போனார். அடுப்புச் சாம்பல், புளி, தேங்காய் நார். உள்ளே தேய்த்து, வெளியே தேய்த்து, மோந்து பார்த்து, மறுபடி தேய்த்தார். மூன்றாம் தரம் மோந்து பார்த்துவிட்டு மருமகளிடம் நீட்டினார். அவரும் மோந்து பார்த்துத் தலையசைத்த பிறகுதான் சட்டி பரண் ஏறியது. ஈஸ்டர் வரை அங்கேதான். "கையில கிடக்கியது சட்டியிலயும் கிடக்கும், சட்டியில கிடக்கியது நாக்குலயும் கிடக்கும்" என்றார். அத்தைக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, சர்க்கரையும் இருக்கிறது. சட்டப்படி அவருக்கு எந்த நோன்பும் கிடையாது.

திங்கள், பிப்ரவரி 16. மார்த்தாண்டம்

பகலில் எழுத ஒன்றும் இல்லை. கஞ்சி, பயறு, அப்பளம், மாங்காய் ஊறுகாய். நானும் அதையே சாப்பிட்டேன். எனக்கு நோன்பு புதன்கிழமைதான். ஆனால் இந்த வீட்டில் இருந்துகொண்டு எனக்கு மட்டும் ஆம்லெட் என்று கேட்க முடியுமா?

மாலை கோயிலில் சுபுக்கோனோ. இதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. சாம்பல் கிடையாது. அதற்குப் பதில் மன்னிப்பு, அதுவும் உடம்பால்.

முதலில் அச்சன் மக்கள் பக்கம் திரும்பி முழந்தாளிட்டார். என் சொல்லாலும் செயலாலும் உங்களில் யாரையாவது புண்படுத்தியிருந்தால் மன்னியுங்கள் என்று கேட்டார். பங்கு நிர்வாகத்தில் ஏதோ கசப்பு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அத்தை மகன் காலையில்தான் சொல்லியிருந்தான். அந்தக் கமிட்டிக்காரர்கள் முதல் வரிசையில் நின்றார்கள். பீடத்தில் நின்று மற்றவர்களை மனம் திரும்பச் சொல்வது எளிது. கணக்கு நோட்டோடு எதிரே நிற்பவர் முன்னால் முழந்தாளிடுவது வேறு.

அப்புறம் தொடங்கியது. "குரியேலாயிசோன்", ஆண்டவரே இரக்கமாயிரும், என்று பாடப் பாட, ஒவ்வொரு தரமும் முழு உடம்பையும் மடக்கி நெற்றி தரையில் படும்படி விழுந்து எழ வேண்டும். மொத்தம் 40. முதல் பத்து பக்தியாக இருந்தது. இருபதில் தொடை நடுங்கியது. அதற்குப் பிறகு எனக்குப் பக்தியும் இல்லை, சிந்தனையும் இல்லை. பக்கத்தில் இருந்த ரப்பர் பால் வெட்டுகிற அண்ணாச்சி விழுந்து எழும் லயத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். அவருடைய உள்ளங்கைகளில் பால் காய்ந்த கறுப்பு. தலையில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு வெறும் எலும்பும் தசையுமாக்கி விடுகிறது அந்த நாற்பது. வயதானவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே குனிந்தார்கள். அத்தையும் அப்படித்தான். யாரும் யாரையும் பார்க்கவில்லை, பார்க்க மூச்சு இல்லை.

கடைசியில் சமாதானம். கூப்பிய கையை அடுத்தவர் கையோடு சேர்த்து மன்னிப்புக் கேட்டு, மன்னித்து, நகர வேண்டும். ஆண்கள் பக்கம் ஒரு வரிசை, பெண்கள் பக்கம் ஒரு வரிசை. வரிசை பாம்பாக மடங்கி வருவதால் எல்லோரும் எல்லோரையும் சந்தித்தே ஆக வேண்டும், நழுவ வழியில்லை.

அத்தைக்கும் அவருடைய ஓரகத்திக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே நிற்கும் ஒரு பிலா மரம் காரணம். மரம் யார் பக்கம், எல்லைக் கல்லை நகர்த்தியது யார் என்பதில் தாசில்தார் அலுவலகம் வரை போய்விட்டது. நான் இந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தேன், மறைப்பானேன். வரிசை நகர்ந்து இருவரும் நேருக்கு நேர் வந்தார்கள். அத்தை கையை நீட்டினார். ஓரகத்தி நீட்டினார். மற்றவர்களுக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்தான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நகர்ந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "அப்போ பிலா மரம்?"

"அது வேற, இது வேற மக்களே. சர்வேயரு வெள்ளிக்கெழம வாறாரு."

"அப்புறம் எதுக்கு அத்தை மன்னிப்பு?"

"மரத்துக்கு ஆக்குமா மன்னிப்பு கேட்டேன்? அவ சீக்குல கிடந்தப்போ நான் எட்டிப் பாக்கல்ல. அதுக்கு கேட்டேன். அவ எதுக்கு கேட்டாளோ, அது அவளுக்க காரியம்."

எங்கள் பக்கத்துச் சமரசப் பிரசங்கங்களைவிட இது தெளிவாக இருந்தது.

செவ்வாய், பிப்ரவரி 17. பனச்சமூடு, வெள்ளறடை

காலையில் பனச்சமூடு. கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தால் எப்போது கேரளாவுக்குள் போனோம் என்பது பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் தெரியும். அங்கிருந்து வெள்ளறடை. தெக்கன் குரிசுமலையின் அடிவாரம். தவக்காலத்தின் பின்பாதியிலும் பெரிய வியாழன், பெரிய வெள்ளியிலும் இங்கே கால் வைக்க இடமிருக்காது. இரண்டு மாநிலத்திலிருந்தும் சிலுவையைத் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். இன்றைக்கு நானும் ஆடு மேய்க்கிற ஒரு பெண்மணியும்தான். ரப்பர் மரங்கள் இலை உதிர்ந்து, இளஞ்சிவப்பாகக் கொழுந்து விட்டிருந்தன. வெயில் நேராகத் தலையில் இறங்கியது. சிலுவைப்பாதை நிலைகளில் பாதிவரை ஏறிவிட்டு ஒரு பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே உட்கார்ந்து என் தவக்காலப் பட்டியலை எழுதினேன். ஒவ்வொரு வருடமும் எழுதுவதுதான். காபி கிடையாது. இனிப்பு கிடையாது. இரவு ஒன்பதுக்கு மேல் செல்போன் கிடையாது. புதுச் சட்டை வாங்குவதில்லை. மிச்சமாகும் பணம் முதியோர் இல்லத்துக்கு. நல்ல பட்டியல்தான், யாரும் குறை சொல்ல முடியாது. எழுதி முடித்ததும் லேசாக ஒரு திருப்தி வந்தது. அந்தத் திருப்திதான் உறுத்தியது.

ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில் 49ஆவது அத்தியாயம் தவக்காலத்தைப் பற்றியது. சிறிய அத்தியாயம். உணவில், பானத்தில், தூக்கத்தில், வீண் பேச்சில் ஒவ்வொருவரும் விருப்பப்பட்டு எதையாவது குறைத்துக்கொள்ளட்டும், அதை மகிழ்ச்சியோடு செய்யட்டும் என்கிறார். உடனே ஒரு கொக்கி போடுகிறார். எதைக் குறைக்கப் போகிறாயோ அதை மடாதிபதியிடம் சொல்லி அவர் சம்மதத்தோடு செய். சம்மதமில்லாமல் செய்தால் அது அகந்தையிலும் வீண் பெருமையிலும்தான் சேரும், புண்ணியத்தில் சேராது.

முதன்முதலில் படித்தபோது இது எனக்குக் கெடுபிடியாகத் தெரிந்தது. நான் பட்டினி கிடக்க இன்னொருவர் அனுமதி எதற்கு? இப்போது பார்த்தால் கிழவர் விஷயம் தெரிந்தவர். நானே தேர்ந்தெடுக்கிற எளிமையில் நான்தான் முதலாளி. எது வலிக்காதோ அதை விடுவேன், எது வெளியே தெரியுமோ அதை விடுவேன். காபி குடிப்பதில்லை என்று சொல்ல ஒரு நாளில் எத்தனை சந்தர்ப்பம் கிடைக்கும்! அலுவலகத்தில் கேட்பார்கள், சம்பந்தி வீட்டில் கேட்பார்கள், நாம் தாழ்ந்த குரலில் "தவக்காலம்" என்போம். நாளைக்கு வாசிக்கப் போகிற மத்தேயு ஆறாம் அதிகாரம் இதைத்தான் போட்டு உடைக்கிறது. நோன்பிருக்கும்போது முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளாதே, தலைக்கு எண்ணெய் தேய், முகத்தைக் கழுவு.

மலையிறங்கி வெள்ளறடையில் கட்டன் சாயா குடித்தேன். ஓட்டலில் பொரோட்டாவும் பீஃபும் அமோகமாக ஓடிக்கொண்டிருந்தன. லத்தீன்காரர்களுக்கு இன்றுதான் கடைசி நாள். "நாளை முதல் கச்சவடம் (வியாபாரம்) இல்லா" என்று கல்லாக்காரர் சிரித்தார்.

மாலை குழித்துறைப் பக்கம் ஒரு லத்தீன் கோயில். போன வருடக் குருத்தோலைகளை எரித்துச் சாம்பல் எடுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. வீடுகளில் சுரூபத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்ததை எல்லாம் கொண்டுவந்து கூடையில் போட்டிருந்தார்கள். 2025 ஏப்ரல் 13இல் மந்திரித்த தென்னங்குருத்து, பத்து மாதத்தில் வெளுத்துச் சுருண்டு நொறுங்கியது. கோயில்பிள்ளை அதை அப்படியே தீயில் போடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து ரப்பர் பேண்டை உருவினார், குண்டூசியைக் கழற்றினார், சிலுவையாக மடித்து ஒட்டியிருந்த செலோடேப்பை உரித்தார். "பிளாஸ்டிக் ஒண்ணு சேந்தா போரும் சாரே, சாம்பல் பிசுபிசுத்துப் போவும். நெத்தியில நிக்காது." பிறகு இரும்புச் சட்டியில் எரித்து, பழைய வேட்டித் துணியில் சலித்தார். ஒரு கூடை ஓலைக்கு ஒரு டம்ளர் சாம்பல்கூடத் தேறவில்லை.

சுவரில் தவக்கால தியானத்துக்கு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். பிரசங்கியார் படம் ஆள் உயரத்துக்கு. இயேசு ஒரு மூலையில், தபால்தலை அளவில்.

புதன், பிப்ரவரி 18. குழித்துறை

ஆறு மணிப் பூசை. பீடத்தில் பூ இல்லை. அது விதி, தவக்காலத்தில் பீடத்தைப் பூவால் அலங்கரிக்கக் கூடாது, இசைக்கருவி பாட்டுக்குத் துணையாக மட்டும். அல்லேலூயா கிடையாது, வானவர் கீதம் கிடையாது. திருவிழா நாட்களில் கீபோர்டு பையன் போடும் ஆர்ப்பாட்டத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு வெறும் குரல்கள் கூச்சமாகவும் நன்றாகவும் இருந்தன. யோவேல் வாசகம், "உங்கள் உடைகளையல்ல, இதயங்களைக் கிழித்துக்கொள்ளுங்கள்."

வரிசையில் நின்று சாம்பல் வாங்கினேன். மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய். எனக்கு முன்னால் கைக்குழந்தை. அதற்கும் அதே வார்த்தை, அதே சாம்பல். அது சாமியாரின் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

இத்தாலியில் நெற்றியில் பூசுவதில்லை, உச்சந்தலையில் தூவுவார்கள். கொரோனா காலத்தில் 2021இல் ரோம் சொன்னபடி எங்கள் ஊரிலும் பேச்சில்லாமல் தலையில் தூவினார்கள். அந்த வருடம் கண்ணாடியில் பார்க்க ஒன்றும் இல்லை, செல்ஃபி எடுக்கவும் ஒன்றும் இல்லை. முகத்தைக் கழுவு என்கிற நற்செய்தியைக் கேட்ட கையோடு நெற்றியில் அடையாளத்தோடு வெளியே போகிற முரண்பாடும் இல்லை. அந்த முறையையே வைத்துக்கொண்டிருக்கலாம் என்பது என் கட்சி. பங்குப் பேரவையில் சொன்னால் யாரும் ஆதரிக்க மாட்டார்கள்.

பதினெட்டு முடிந்ததிலிருந்து அறுபதாவது வயது தொடங்கும் வரை இன்றும் பெரிய வெள்ளியும் ஒரு வேளை மட்டும்தான் முழுச் சாப்பாடு. இறைச்சி விலக்கு பதினான்கு வயதிலிருந்து. நான் இன்னும் அந்த வரம்புக்குள் இருக்கிறேன். அத்தை வீட்டுக்கு வந்து மதியக் கஞ்சியை அந்த ஒரு வேளையாகக் கணக்கில் எழுதினேன்.

ரயில் இரவில்தான். திண்ணையில் உட்கார்ந்து பட்டியலை அத்தையிடம் கொடுத்தேன். மடாதிபதிக்கு நான் எங்கே போவேன்? விஷயத்தைச் சொன்னதும் அத்தை சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

"காப்பிய விடாண்டாம்" என்றார். "காப்பி குடிக்கல்லேன்னா நீ வீட்டுல எல்லாவன்கிட்டயும் எரிஞ்சு விழுவ. உனக்க நோம்பு, உனக்க பொண்டாட்டிக்கு தண்டனை." இனிப்பையும் சட்டையையும் விட்டுவைத்தார். செல்போனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவரே பத்து மணி வரை பார்க்கிறவர். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, அடியில் தன் கையால் ஒரு வரி எழுதினார். ஞாயிறுதோறும் அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு.

அண்ணன் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. சண்டை ஒன்றும் இல்லை. மதினி சமையலில் உப்பும் காரமும் ஒரு கணக்கில் இருக்காது, அண்ணன் சாப்பிட்டு முடியும் வரை அரசியல் பேசுவார். அதனால் நல்ல நாள் பெரிய நாளுக்குப் போவதோடு சரி.

"ஞாயித்துக்கெழம நோம்பு கணக்குல வராதே அத்தை, எங்க முறையில" என்றேன்.

"அதுக்காக்கும் சொன்னேன். கணக்குல வராத நாளு. அவ என்ன வச்சாலும் தின்னு. நல்லாருக்குன்னும் சொல்லாண்டாம், இல்லேன்னும் சொல்லாண்டாம்."

குழித்துறை ஸ்டேஷனிலிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டேன். மதினிதான் எடுத்தார். இந்த ஞாயிறு சாப்பாட்டுக்கு வரட்டுமா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "என்ன தம்பி, ஏதும் விசேஷமா? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காகள்ல?" என்று பதறினார். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றேன். இந்த ஞாயிறு அவர்கள் வேளாங்கண்ணி போகிறார்களாம். மார்ச் 1 என்று முடிவாகியிருக்கிறது. எனக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்குமா என்று கேட்டார். எது வைத்தாலும் சரி என்று சொல்லியிருக்கிறேன்.